இரண்டு பேர் உட்காரும் மேசை

எங்கள் தெருவில் ரேடியோ அக்காவிடம் வாயைக் கொடுத்து முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு. நான் அவளுடைய எதிர்க்கடையில் கண்ணாடி வெட்டுகிறவன். ஜன்னல், அலமாரி, படச்சட்டம், எதுவானாலும் சரி. வயதில் நாலைந்து வருஷம் மூத்தவன் என்பதால் என்னை ‘அண்ணே’ என்று கூப்பிடுவாள். மரியாதை அந்த ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும். அடுத்த வார்த்தையில் என் மானத்தை உதறிக் கொடியில் காயப் போட்டுவிடுவாள்.

ரேடியோ அக்கா என்று பெயரே தவிர, அவள் கைக்கு வரும் ரேடியோக்கள் கொஞ்சம்தான். மேடைக்காரர்களின் ஆம்ப்ளிஃபையர், காய்கறிக் கடைத் தராசு, காது கேட்கும் கருவி, இன்வெர்ட்டர் பலகை, ஒருமுறை பல் டாக்டருடைய நாற்காலி. எல்லாம் அவளிடம் வரும். காலையில் அவள் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஆள் நிற்கும். “எப்ப கிடைக்கும்?” என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. “அது என்ன, அடுப்புல வச்சதும் வேகுற சோறா?” என்பாள். கேட்டவர் அதற்கப்புறம் ஒரு வாரம் அந்தப் பக்கம் வரமாட்டார்.

அந்தக் கடையில் முன்பெல்லாம் இரண்டு பேர் இருந்தார்கள். அக்காவும் அவள் தங்கையும். தங்கையைத் தெருவே ‘பாப்பா’ என்றுதான் கூப்பிட்டது. முப்பத்தைந்து வயதிலும் அவள் பாப்பாதான். கடைக்கு நடுவில் ஒரு அகலமான மேசை. இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் பாப்பா, எதிரும் புதிருமாக. மேசையின் ஓரத்தில் ஸ்கோப் என்று ஒரு பெரிய பெட்டி. சர்க்யூட் பலகைக்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பச்சைக் கோடாகத் திரையில் வரைந்து காட்டும் கருவி அது. பேனா மாதிரி ஒரு முனை, அதிலிருந்து பெட்டிக்கு ஒரு வயர். முனைக்குப் பெயர் புரோப்.

நான் பார்த்தவரை அந்த ஸ்கோப்பின் திரை எப்போதும் பாப்பா பக்கம்தான் திரும்பியிருக்கும். அக்கா புரோப்பைப் பிடித்துக்கொண்டு பலகையின் மேல் குனிந்திருப்பாள். ஒவ்வொரு இடமாகத் தொடுவாள். எதிரே பாப்பா திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவாள். “இல்ல. இல்ல. இருக்கு, ஆனா சின்னதா இருக்கு. இல்ல. அதுக்கு முன்னாடி தொடு.” அக்கா நிமிரவே மாட்டாள். பாப்பா பலகை பக்கம் கண்ணைத் திருப்பவே மாட்டாள். பகல் முழுக்க எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். கண்ணாடி வெட்டும்போது பேச்சு கேட்டால் எனக்குக் கை தடுமாறும். ஆனால் அந்தக் குரல் மட்டும் பழகிவிட்டது.

“ஏம்மா, ஒருத்தியே தொட்டு ஒருத்தியே பாத்தா ஆகாதா? இதுக்கு எதுக்கு ரெண்டு பேரு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பாக்குறதுக்காக நிமிர்ந்தீங்கன்னா கை நழுவும்ணே. பக்கத்து பார்ட்டோட கம்பிக் கால்ல புரோப் பட்டுச்சுன்னா பொசுக்குன்னு போயிடும். நல்லா இருந்ததும் சேர்ந்து போயிடும். என் கையை நான் பாத்துக்குறேன். மிச்சத்தை அவ பாத்துப்பா” என்றாள்.

உலகத்தில் எல்லோரும் தனியாகத்தான் அந்த வேலையைச் செய்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் அது இரண்டு பேர் வேலை.

பிரிந்தது ஒரு உப்புச்சப்பில்லாத விஷயத்துக்கு. பாப்பா, போன் ரிப்பேரும் கற்றுக்கொள்ளலாம் என்றாள். “போனா? அது கழட்டி மாத்துற வேலை. சரி பண்ற வேலை இல்ல. அதுக்கு நீ எதுக்கு?” என்றாள் அக்கா. பாப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை ஊரின் மறுகோடியில் போன் கடை வைத்திருந்தவர். அதை மனதில் வைத்துத்தான் அவள் கேட்டிருக்கிறாள். அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்தும் சொல்லிவிட்டாள். சொன்னதைத் திருப்பி எடுக்க அவளுக்கு எந்த ஜென்மத்திலும் வந்ததில்லை.

பாப்பாவின் கல்யாணத்துக்கு அக்கா போனாள், போட்டோவுக்கு நின்றாள், வந்துவிட்டாள். ஸ்கோப்பைப் பாப்பா எடுத்துக்கொண்டாள். புரோப்பை அக்கா வைத்துக்கொண்டாள். கேட்டவர்களிடம், “அது அவ கண்ணு, இது என் கை. அவங்கவங்களுது அவங்கவங்ககிட்ட” என்றாள். ஏழு கழுதை வயதில் இரண்டு பேரும் செய்த காரியம் இது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றும் அடங்கவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எதிரில் குரல் இல்லை. அக்கா மின்சாரம் அளக்கும் மீட்டரை வைத்துக்கொண்டு, காதை வைத்துக்கொண்டு, மூக்கை வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள். ஆனால் பலகையின் மேல் குனிந்தபடி சில சமயம் அப்படியே அசையாமல் இருப்பாள். யாரோ சொல்லப்போகும் பதிலுக்குக் காத்திருப்பதுபோல இருக்கும். எனக்கு வேடிக்கை பார்க்க மனசு வராது. திரும்பிக்கொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் நூலகர் அவளைத் தேடி வந்தார். நூலகத்தின் பின்னறை உடைந்த நாற்காலிகளோடு சும்மா கிடந்தது. அதைக் காலி செய்து ஒரு பொதுப் பட்டறை ஆக்கலாம் என்பது அவர் எண்ணம். வீட்டில் கெட்டுப்போன மிக்சி, விளக்கு, பொம்மை, ரேடியோ எதையும் யாரும் கொண்டுவந்து அவர்களே சரி செய்துகொள்ளலாம். கருவிகள் பொது. என்னென்ன வாங்குவது, எதை எங்கே வைப்பது என்பதெல்லாம் அக்கா பொறுப்பு. முடியாது என்பாள் என்று நான் நினைத்தேன். கேட்ட வாக்கிலேயே சரி என்றுவிட்டாள். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

அந்த அறையை நிறைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஊரில் பலர் வீட்டில் கிடந்த மீட்டர்களை நன்கொடை என்று கொண்டுவந்து குவித்தார்கள். நூலகருக்கு வாயெல்லாம் பல். அக்கா ஒரு புது பேட்டரியை மேசையில் வைத்து, எல்லா மீட்டரையும் வரிசையாக அதிலேயே தொட்டுப் பார்த்தாள். ஒரே பேட்டரிக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண்ணைச் சொன்னது. மூன்று மட்டும் ஒத்துப்போனது. மற்றதையெல்லாம் கூடையில் போட்டாள்.

“மேடம், கொடுத்தவங்க கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார் நூலகர்.

“அளக்குற சாமானே பொய் சொல்லுதுன்னு சொல்லுங்க சார். அதைவிட உடைஞ்சு போனதே மேல். உடைஞ்சது வாயையாவது மூடிக்கிட்டு இருக்கும்.”

ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் வாங்கப் போனால் கடைக்காரரைப் பாடாய்ப் படுத்துவாள். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்க வேண்டும். அதை வைக்கும் தாங்கி கனமாக இருக்க வேண்டும், “சின்னப் பிள்ளைங்க முழங்கை பட்டா சாயக் கூடாது.” ஈயப் புகையை இழுத்து வெளியே தள்ள ஜன்னலோரம் ஒரு ஃபேன். அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி என் உபயம். சுவரிலிருந்து வரும் மின்சாரம் நேராக ஆளைத் தாக்காமல் இருக்க நடுவில் ஒரு கனத்த டிரான்ஸ்ஃபார்மர். அதைத் தூக்கிக்கொண்டு வந்ததில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. “கண்ணாடி தூக்குற இடுப்பு இவ்வளவுதானா?” என்றாள். ஸ்க்ரூடிரைவர்களுக்குச் சுவரில் ஒவ்வொன்றின் உருவத்தையும் வரைந்து ஆணி அடித்தாள். எது குறைகிறது என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

மேசை போடும்போதுதான் சண்டை வந்தது. நூலகர் எங்கோ ஒரு படம் பார்த்து வைத்திருந்தார். சுவரோரமாக நீளமாக மேசை, எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்வது. இடம் மிச்சமாகும், நியாயம்தான். தச்சருக்கும் அதுதான் சுலபம். அக்கா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

“ஓரத்துல எத்தனை வேணும்னாலும் போடுங்க சார். நடுவுல ஒரு மேசை வேணும். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. எதிர்ல இருக்குறவங்க முகம் தெரியணும்.”

“எதுக்கு மேடம்? நடக்க வழி அடைபடுமே.”

“நடக்குறவங்க சுத்திப் போகட்டும்.”

நான் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்ன அகலம் எனக்குத் தெரிந்த அகலம். அவள் கடை மேசையின் அகலம்தான் அது. அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. இவள் ஊருக்காகப் பட்டறை போடவில்லை. ஒரு நாற்காலி போடுகிறாள். அந்த நாற்காலியைச் சும்மா போட முடியாதென்று அதைச் சுற்றி ஒரு பட்டறையே கட்டுகிறாள். பாப்பா திரும்பி வந்து எதிரில் உட்கார வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். கேட்டால் செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

எல்லாம் வந்தாயிற்று, ஸ்கோப் மட்டும் பாக்கி. நூலகர் உள்ளங்கை அகலத்தில் புது மாதிரி ஸ்கோப் ஒன்றை வாங்கத் தயாராக இருந்தார். அக்கா வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றினாள். கடைசியில் ஒருநாள் மத்தியானம் என் கடைக்கு வந்தாள். வெட்டி வைத்திருந்த கண்ணாடியின் ஓரத்தை விரலால் தடவினாள்.

“கையைக் கிழிச்சுக்காதே. என்ன வேணும் சொல்லு” என்றேன்.

“அவகிட்ட அந்த ஸ்கோப் சும்மாதான் கிடக்கும். போன் கடையில அதுக்கு என்ன வேலை? நீங்க போய்க் கேளுங்க. நூலகம் கேக்குதுன்னு சொல்லுங்க.”

“நீ கேட்டேன்னு சொல்றேனே.”

“என் பேரு உங்க வாயில வந்துச்சுன்னா, அப்புறம் இந்தப் பக்கம் நான் திரும்ப மாட்டேன்.”

செய்யக்கூடியவள்தான். போனேன்.

பாப்பாவின் கடை சின்னது, ஆனால் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஒரு போனைக் கூரிய இடுக்கியால் நோண்டிக்கொண்டிருந்தாள். கழற்றி மாற்றும் வேலையாக எனக்குத் தெரியவில்லை. காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“கண்ணாடி அண்ணனா! வாங்க, வாங்க. எப்படி இருக்கீங்க? இடுப்பு எப்படி இருக்கு?”

என் இடுப்பைப் பற்றி இவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். பொதுப் பட்டறை, நூலகம், ஸ்கோப். கேட்டு முடித்ததும் அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவ கேட்டாளா?”

அக்காவின் மிரட்டல் நினைவுக்கு வந்தது. “நூலகம் கேக்குது” என்றேன்.

அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. “எடுத்துட்டுப் போங்கண்ணே. நல்லதாப் போச்சு. மாசக் கடைசியில நாங்க இங்கிருந்து மொத்தமாக் கிளம்புறோம். என் வீட்டுக்காரரோட தம்பி தான் இருக்குற ஊர்ல பெரிய கடை பிடிச்சிருக்காரு. ரயில்ல ரெண்டு நாள். இதை அவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போக முடியாதுன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்.”

“பாப்பா, உங்க அக்கா இருக்காளே...”

“அண்ணே, நூலகம்னுதானே சொன்னீங்க? நூலகத்தோடயே நிறுத்திக்குங்க.”

நாக்கில் அந்தக் கூர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? ஒரே வீட்டுச் சரக்கு. ஸ்கோப்பின் மேல் போட்டிருந்த துணியோடு சேர்த்து வண்டியில் ஏற்றிக் கொடுத்தாள். வண்டி திரும்பும்வரை வாசலில் நின்றாள்.

பின்னறையில் அக்கா ஃப்யூஸ்களைப் பிரித்து டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கோப்பை நடு மேசையில் வைத்தேன். விஷயத்தையும் சொன்னேன். மறைக்க முடியவில்லை, மறைக்கவும் கூடாது.

“ரயில்ல ரெண்டு நாளா?”

“ஆமா.”

“சரி. போகட்டும். நல்லா இருக்கட்டும்” என்றாள். கையில் இருந்த ஃப்யூஸை எங்கே வைத்தோம் என்று மேசையெல்லாம் தேடினாள். கையில்தான் இருக்கிறது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு ஸ்கோப்பின் மூடியைக் கழற்றினாள். பழைய கருவிக்கு உடனே மின்சாரம் கொடுக்கக்கூடாதாம், உள்ளே பார்க்க வேண்டுமாம். டார்ச்சை அடித்துக் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. பொட்டுத் தூசி இல்லை. உள்ளே இருந்த சின்ன ஃபேனை விரலால் சுண்டினாள். சத்தமில்லாமல் சுற்றியது. மூடியைப் போட்டு சுவிட்சைத் தட்டினாள். கொஞ்சம் பொறுத்து, ஆடாமல் அசையாமல் ஒரு பச்சைக் கோடு வந்து நின்றது.

“நல்லா இருக்குதே!” என்றார் பக்கத்தில் நின்ற நூலகர்.

“இருக்கக் கூடாது சார்” என்றாள் அக்கா. குரல் மாறியிருந்தது. “பத்து வருஷம் சும்மா கிடந்திருந்தா உள்ள மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கெப்பாசிட்டரெல்லாம் கெட்டுப் போயிருக்கும். போட்ட உடனே புகைஞ்சிருக்கும். இதை அடிக்கடி போட்டு, சூடாக்கி, அணைச்சு வச்சிருக்கா. ஃபேனுக்கு எண்ணெய் விட்டிருக்கா. புரோப் இல்லாத ஸ்கோப்பை வேற எதுக்கு ஒருத்தி போட்டுப் பாக்கணும்?”

பதிலுக்காக அவள் கேட்கவில்லை.

கைப்பையிலிருந்து பழைய புரோப்பை எடுத்து ஸ்கோப்பில் மாட்டினாள். திரையை எதிர்ப்பக்கமாகத் திருப்பினாள். நூலகரின் மேசை ரேடியோவைப் பிரித்து வைத்துக்கொண்டு, “சார், நீங்க அங்க உக்காருங்க. நான் தொடத் தொட என்ன தெரியுதுன்னு சொல்லுங்க” என்றாள். பாவம் அந்த மனுஷன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

“பச்சையா ஏதோ ஓடுது மேடம்.”

“சரி. இப்ப?”

“இப்பவும் பச்சையாத்தான் ஓடுது.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே புரோப்பைக் கீழே வைத்தாள். வைத்த கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். நூலகர் பயந்துபோய் தான் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அந்தப் பொம்பளை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் ஆசை நிறைவேறக் கூடாதா என்று எனக்கு அப்படி ஏங்கிப்போயிற்று. அத்தனை கருவியும் இருந்தது. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. வேண்டியதை மட்டும் அவள் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை அவள் கடை ஷட்டர் திறக்கவில்லை. வாசலில் தராசோடு நின்ற ஆள் என்னிடம் வந்து விசாரித்தார். அந்த நேரம் பார்த்து அக்கா ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பின்சீட்டில் ஸ்கோப்.

“அண்ணே, ஏறுங்க. இதை இறக்க ஒரு ஆள் வேணும்.”

“என் இடுப்பு...”

“இன்னைக்கு ஒரு நாள் உங்க இடுப்பை மறந்துட்டு வாங்கண்ணே” என்றாள். கெஞ்சல் மாதிரி இருந்தது. ஏறினேன். ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள் எதையோ சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாப்பா கடையின் மேசைமேல் ஸ்கோப்பை வைத்தோம். பாப்பா பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தாள். அக்காவைப் பார்க்கவில்லை, ஸ்கோப்பைத்தான் பார்த்தாள்.

“ஏன், வேலை செய்யலையா?”

“செய்யுது. நல்லாத்தான் வச்சிருந்திருக்கே.”

“அப்புறம் எதுக்குத் திருப்பிக் கொண்டாந்தே?”

“எனக்கு இது வேணாம்.”

“நீ எங்க கேட்டே? நூலகம்ல கேட்டுச்சு.”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது என்று தெரிந்தது. கடைசியில் வந்தது வேறு.

“உன்னைக் கேக்கத் தெரியாம பெட்டியைக் கேட்டுட்டேன் பாப்பா. போன் வேலையைப் பத்திச் சொன்னது தப்பு. அன்னைக்கே தப்புன்னு தெரியும். நடுவுல ஒரு மேசை போட்டிருக்கேன். எதிர்ல உக்கார ஆள் இல்ல. நீ வா.”

பாப்பாவின் கை இடுக்கியைத் திறந்து திறந்து மூடியது. “மாசக் கடைசி வரைக்கும்தான்க்கா நான் இங்க இருப்பேன். இத்தனை வருஷம் விட்டுட்டு இப்ப வந்து கேக்குறே.”

“மாசக் கடைசி வரைக்கும் வா.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் நீ இருக்க மாட்டே. எனக்குத் தெரியாதா? இந்த ஊர்லயே, கூப்பிடு தூரத்துல இருந்தப்ப கூப்பிடாம விட்டவ நான். போதும்னு சொல்ல வரல. போதாது. எத்தனை நாள் கிடைச்சாலும் போதாது. ஆனா வா.”

கடையின் உள்ளறையில் இருந்த பாப்பாவின் கணவர் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தார், சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். விவரமான மனுஷன். பாப்பா இடுக்கியை வைத்துவிட்டு, பிரித்துப் போட்டிருந்த போனின் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தாள். “இதை சாயங்காலம் வந்து பாத்துக்குறேங்க” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். பிறகு ஸ்கோப்பின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள்.

“பிடிக்கா. அந்தப் பக்கம் நல்லாப் பிடி. பாத்து வா, படி இருக்கு.”

“எனக்குத் தெரியும்டி படி இருக்குன்னு.”

“தெரிஞ்சா பாத்து வை காலை.”

பின்சீட்டில் நடுவில் ஸ்கோப்பை வைத்து ஆளுக்கொரு பக்கம் ஏறிக்கொண்டார்கள். வண்டி கிளம்பியது. எனக்கு இடமில்லை. ஏறச் சொல்லவும் அவர்களுக்குத் தோன்றவில்லை. நான் பஸ்ஸில் வந்தேன்.